'ஃபேர் டிங்கம்' முதல் 'மேட்' வரை: ஆஸ்திரேலியாவின் பழைய பேச்சுவழக்கை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

உங்க போன்ல எத்தனை செல்ஃபி இருக்கும்? எண்ண வேண்டாம். அந்தச் சொல் எங்கிருந்து வந்திருக்கும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவா? இல்லை. எழுத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய 'செல்ஃபி' ஆஸ்திரேலியாவுடையது.

2002 செப்டம்பர் 13 அன்று, ஆஸ்திரேலிய அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் இணைய விவாதப் பக்கத்தில் ஒருவர் தன் உதட்டுக் காயத்தின் படத்தைப் போட்டார். நண்பரின் 21-வது பிறந்தநாள் விருந்தில் குடித்துவிட்டுத் தடுக்கி விழுந்ததில் கிழிந்த உதடு. படம் மங்கலாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டவர், 'அது செல்ஃபி, அதான்' என்கிற தோரணையில் காரணம் சொன்னார். 11 ஆண்டுகள் கழித்து, 2013-ல், ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக் குழு 'செல்ஃபி'யை ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

ஆஸ்திரேலியர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. எந்தச் சொல்லையும் பாதியில் வெட்டி, வாலில் ஒரு 'இ' அல்லது 'ஓ' ஒட்டுவது அவர்களுக்குப் பழக்கப்பட்ட வேலை. பார்பிக்யூ 'பார்பி', மஸ்கிட்டோ 'மாஸி', காலை உணவு 'பிரெக்கி' என்றால், தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம் 'செல்ஃபி'. அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் படிக்கவோ வேலை பார்க்கவோ கிளம்புகிற நம்ம ஊர் இளைஞர்கள் போகும் முன் கூகுளில் ஒன்றைத் தேடுவார்கள்: 'ஆஸ்திரேலியன் ஸ்லாங்'. உடனே பட்டியல்கள் வந்து குவியும். 'ஃபேர் டிங்கம்', 'காபர்', 'பான்ஸர்', 'ஸ்ட்ரூத்', 'கிரைக்கி', 'ஷீலா'... இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய் மெல்பர்ன் ஆபீஸில் இறக்கினால் என்ன ஆகும்? இன்றைய சென்னை ஐடி கம்பெனியில் ஒருவர் வந்து பாகவதர் காலத்துப் பாணியில் 'ஸ்வாமி, சௌக்கியமா?' என்று கேட்ட மாதிரி இருக்கும். யாரும் கோபப்பட மாட்டார்கள். ஆனால் சிரிப்பார்கள்.

என் கருத்து இதுதான். அந்தப் பழைய சொற்களைப் பேசக் கற்க வேண்டியதில்லை. அவற்றின் கதையைத் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் அந்தச் சொற்களுக்குள் ஒரு நாடு தன்னைப் பற்றிக் கொடுத்த ஒரு வாக்குறுதி இருக்கிறது. அந்த வாக்குறுதி யாருக்கெல்லாம் கிடைக்கவில்லை என்கிற வரலாறும் இருக்கிறது. இரண்டும் இன்று அங்கே போகும் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை.

முதல் அகராதி எழுதியவர் ஒரு கைதி

1788 ஜனவரி 26 அன்று பிரிட்டன் தன் கைதிகளைக் கப்பல்களில் ஏற்றி வந்து சிட்னியில் இறக்கியது. லண்டன் சேரிகள், அயர்லாந்துக் கிராமங்கள், வட இங்கிலாந்துத் தொழில் நகரங்கள் எனப் பல இடத்துப் பேச்சும் ஒரே முகாமில் வந்து கலந்தது. கைதிகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட திருட்டு பாஷை அதிகாரிகளுக்குப் புரியவில்லை. நீதிமன்றத்தில்கூட அது தலைவலியாக இருந்தது.

ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்கிற கைதி இந்தத் திருட்டு பாஷையைத் தொகுத்தார். 1812-ல், நியூகாசில் தண்டனை முகாமில் இருந்தபோது எழுதியது. 1819-ல் அச்சானது. ஆஸ்திரேலிய மண்ணில் தொகுக்கப்பட்ட முதல் அகராதி அதுதான். ஒரு நாட்டின் அகராதி வரலாறே சிறையிலிருந்து தொடங்குவது எவ்வளவு விசேஷம் பாருங்கள்.

அதில் இருக்கும் 'ஸ்வாக்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கைதிகள் பேச்சில் அதற்குத் திருடிய மூட்டை என்று பொருள். சில பத்தாண்டுகளில் அது வேலை தேடி ஊர் ஊராக நடந்த கூலியாளின் படுக்கை மூட்டை ஆனது. அந்த மூட்டையைச் சுமந்தவர் 'ஸ்வாக்மேன்'. இன்று கேம்பிங் கடையில் நல்ல விலைக்கு விற்கும் கேன்வாஸ் படுக்கைக்கும் அதே பெயர்தான். திருட்டு, வறுமை, வாரக்கடைசிச் சுற்றுலா என மூன்று காலமும் ஒரே சொல்லில் இருக்கிறது.

'லாரிகின்' என்பதும் இப்படித்தான். 1870-களின் மெல்பர்னில் அது தெருமுனையில் கும்பலாக நின்று வம்பிழுத்த பொறுக்கிப் பையன்களைக் குறித்தது. இன்று 'அவர் ஒரு லாரிகின்' என்றால் பாராட்டு. விதிகளைக் கண்டு பயப்படாத, கலகலப்பான ஆள் என்று அர்த்தம். 'பிளட்ஜர்' எதிர்த்திசையில் நின்றுவிட்டது. பாலியல் தொழில் செய்யும் பெண்ணின் வருமானத்தில் வாழ்பவனைக் குறித்த அச்சொல், பின்னர் அடுத்தவர் உழைப்பில் ஓசியில் வாழ்கிற எவருக்கும் ஆனது. இன்றும் அது வசைச்சொல்தான். எதை மன்னிக்கிறார்கள், எதை மன்னிப்பதில்லை என்பது இந்த இரண்டு சொற்களிலேயே தெரிகிறது. குறும்பு பரவாயில்லை. உழைக்காமல் ஒட்டிக்கொள்வது கூடாது.

கடன் வாங்கியவை, திருப்பிக் கொடுக்காதவை

'கங்காரு' என்றால் உள்ளூர் மொழியில் 'எனக்குத் தெரியாது' என்று அர்த்தம் என்ற கதையை நம்மில் பலர் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்போம். வெள்ளைக்காரர் 'இது என்ன விலங்கு?' என்று கேட்டாராம். அவர் 'தெரியாது' என்று சொல்ல, அதையே பெயராக எழுதிக்கொண்டாராம். நல்ல கதை. ஆனால் பொய்.

1770-ல் கேப்டன் குக்கின் கப்பல் பழுதாகி ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், இன்றைய குக்டவுன் அருகே நின்றது. அங்கே வாழ்ந்த மக்களின் மொழி கூகு யிமிதிர். அம்மொழியில் 'கங்குரு' என்பது ஒரு பெரிய கங்காரு வகையின் பெயர். 1970-களில் அங்கே தங்கி ஆய்வு செய்த மொழியியலாளர் ஜான் ஹாவிலண்ட் இதைத் தெளிவுபடுத்தினார். கேள்வி கேட்டவருக்குச் சரியான பதில்தான் கிடைத்திருக்கிறது. 'தெரியாது' கதையோ, பதில் சொன்னவரை ஒன்றும் அறியாதவர் ஆக்கிவிட்டது.

'ஆஸி ஸ்லாங்' என்று பனியனில் அச்சடித்து விற்கும் பல சொற்கள் இப்படிப் பூர்வகுடி மொழிகளிலிருந்து வந்தவை. கடும் உழைப்புக்கு 'ஹார்டு யக்கா' என்பார்கள். 'யக்கா' இன்றைய பிரிஸ்பேன் பகுதியின் யாகரா மொழிச் சொல்லிலிருந்து வந்தது. முட்டாள்தனமாக நடப்பவரைத் திட்டும் 'கலா', வடக்கு நியூ சவுத் வேல்ஸின் யுவாலராய் மொழியில் இளஞ்சிவப்பும் சாம்பலுமான ஒரு கிளிக்குப் பெயர். 'பில்லபாங்' என்கிற ஆற்றோரக் குட்டை விராஜுரி மொழியிலிருந்து வந்தது. காட்டில் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும் 'கூயீ' சிட்னிப் பகுதியின் தாருக் மொழியுடையது.

'கூயீ' நம்ம 'கூவு' மாதிரியே இருக்கே என்று தோன்றுகிறதா? தோன்றும். ஆனால் ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சான்று ஆகாது. தூரத்து ஆளைக் கூப்பிட 'ஊ' என்று நீட்டுவது எந்த ஊர் மனிதருக்கும் இயல்புதான். வாட்ஸ்அப்பில் இதை வைத்து யாராவது குமரிக்கண்டம் வரை போனால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

1788-ல் ஆஸ்திரேலியாவில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. இன்று குழந்தைகள் இயல்பாகக் கற்று வளரும் அளவுக்கு வலுவாக இருப்பவை ஒரு டஜன் அளவில்தான். சொற்களை எடுத்துக்கொண்ட நாடு, அந்தச் சொற்களின் வீடுகளைக் காப்பாற்றவில்லை. மொழி பற்றி உணர்ச்சிவசப்படுகிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கதை இனிக்கும், உண்மை வேறு

பழைய ஆஸ்திரேலிய வழக்குகளில் மிகப் பிரபலமானது 'ஃபேர் டிங்கம்'. 'நிஜமாத்தான் சொல்றேன்', 'அசல்', 'நேர்மையான' என்று பல அர்த்தத்தில் வரும். இதற்கும் ஒரு கதை சொல்வார்கள். 1850-களின் தங்க வேட்டைக் காலத்தில் சீனத் தொழிலாளர்கள் 'அசல் தங்கம்' என்பதைத் தங்கள் மொழியில் சொன்னதுதான் 'டிங்கம்' ஆனது என்று. அகராதிக்காரர்கள் இதை ஏற்பதில்லை. இங்கிலாந்தின் மத்தியப் பகுதி வட்டார வழக்கில் 'டிங்கம்' என்றால் வேலை, அதிலும் ஒருவர் செய்ய வேண்டிய பங்கு. 'ஃபேர் டிங்கம்' என்றால் நியாயமான பங்கு. அந்த 'நியாயம்' மெல்ல 'உண்மை' ஆகிவிட்டது.

சீனர்களுக்கு அந்தச் சொல்லின் பெருமையை இன்று கதையில் கொடுப்பவர்கள், அன்று நிஜத்தில் கொடுத்தது என்ன தெரியுமா? 1855-ல் விக்டோரியா மாகாணம், கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு தலைவரி விதித்தது. 1860-61-ல் லாம்பிங் ஃபிளாட் தங்க வயலில் கும்பல் திரண்டு சீனத் தொழிலாளர்களை அடித்து விரட்டியது.

இன்னும் இரண்டு சொற்கள். 'பக்லீஸ் சான்ஸ்' என்றால் வாய்ப்பே இல்லை. 1803-ல் முகாமிலிருந்து தப்பி, 32 ஆண்டுகள் வாதவுரங் மக்களோடு வாழ்ந்த வில்லியம் பக்லி என்கிற கைதியின் பெயரால் வந்தது என்பார்கள். மெல்பர்னின் 'பக்லி அண்டு நன்' என்ற கடைப் பெயரை வைத்து எழுந்த சிலேடை என்றும் சொல்வார்கள்: 'நன்' என்றால் ஒன்றுமில்லை அல்லவா? எது மூலம் என்பது முடிவாகவில்லை.

மக்கு என்று திட்டும் 'டிராங்கோ' ஒரு பந்தயக் குதிரையின் பெயர். 1920-களில் 37 பந்தயங்கள் ஓடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. பாவம், அது மோசமான குதிரையும் இல்லை; பெரிய பந்தயங்களில் இரண்டாம் இடம்வரை வந்திருக்கிறது. டிராங்கோ என்பது ஒரு பறவையின் பெயரும்கூட. நம்ம ஊர் கரிச்சான் குருவி, அதாவது இரட்டைவால் குருவி, அதே குடும்பம்தான். நம்ம ஊரில் அது காக்கையையே துரத்தும் வீரன். அங்கே அதன் பெயர் மக்குக்கு வந்து சேர்ந்தது ஒரு குதிரையின் புண்ணியத்தில்.

யார் இப்படிப் பேசுகிறார்கள்?

உண்மையைச் சொன்னால், நகரத்தில் ரொம்பக் குறைவு. நண்பனைக் குறித்த 'காபர்', 'பிரமாதம்' என்ற பொருள் கொண்ட 'பான்ஸர்' போன்றவை 20-ம் நூற்றாண்டின் முதல் பாதிக்கு உரியவை. இன்று கேலிக்காகவோ, விளம்பரத்துக்காகவோ, தாத்தா ஞாபகத்திலோதான் வரும். 'கடவுள் சத்தியமா' என்பதன் சிதைவான 'ஸ்ட்ரூத்'தும் அப்படியே. பெண்களைக் குறித்த 'ஷீலா'வை மறந்தும் சொல்லிவிடாதீர்கள். அயர்லாந்துப் பெண் பெயரிலிருந்து வந்த அச்சொல் இன்று மரியாதைக் குறைவாகவே கேட்கும்.

இந்தப் பிம்பத்தை உலகெங்கும் விற்றது சினிமாவும் விளம்பரமும். 1984-ல் நடிகர் பால் ஹோகன், அமெரிக்கர்களை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்த சுற்றுலா விளம்பரத்தில், உங்களுக்காக இன்னொரு 'ஷ்ரிம்ப்' சுட்டு வைக்கிறேன் என்றார். ஆஸ்திரேலியர்கள் இறாலை 'ஷ்ரிம்ப்' என்று சொல்வதே இல்லை. அவர்களுக்கு அது 'பிரான்'. அமெரிக்கர்களுக்குப் புரிவதற்காக மாற்றிய சொல், அசல் ஆஸ்திரேலியப் பேச்சு என்று உலகமே நம்பும்படி ஆகிவிட்டது. பின்னால் 'குரோகடைல் டண்டீ' படமும், ஸ்டீவ் இர்வினின் 'கிரைக்கி'யும் சேர்ந்துகொண்டன.

ஆனால் 'காபர்' என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்காத ஓர் இடம் இருக்கிறது. வடக்கு பிரான்ஸின் ஃப்ரோமெல். 1916 ஜூலை 19-20-ல் ஒரே இரவில் 5,500-க்கும் அதிகமான ஆஸ்திரேலிய வீரர்கள் அங்கே இறந்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். சண்டை முடிந்த பிறகு சார்ஜென்ட் சைமன் ஃப்ரேசர் காயம்பட்டவர்களைத் தூக்கி வரப் போனார். இருட்டில் ஒரு குரல், 'என்னை மறந்துடாதே, காபர்' என்று கூப்பிட்டதாகத் தன் கடிதத்தில் எழுதினார். சில மாதங்களில் அவரும் போரில் இறந்தார். இன்று அங்கே ஒரு வீரர் இன்னொருவரைத் தோளில் சுமக்கும் சிலை நிற்கிறது. அதன் பெயரே 'காபர்ஸ்'.

ஒரு சொல் பேச்சிலிருந்து போய்விட்டாலும் அர்த்தத்தை இழப்பதில்லை. காபி கோப்பையில் அச்சடிப்பவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

நிஜமாகவே தடுக்கி விழும் இடங்கள்

அப்படியென்றால் புதிதாகப் போகிறவருக்குச் சிக்கலே இல்லையா? இருக்கிறது. ஆனால் விசித்திரமான சொற்களில் இல்லை. சாதாரணமாகத் தெரியும் சொற்களில்.

1964-ல் பிரிட்டிஷ் எழுத்தாளர் மோனிகா டிக்கன்ஸ் சிட்னியில் தன் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் வந்து புத்தகத்தை நீட்டி 'எமா சிஸிட்?' என்றார். அது அவர் பெயர் என்று நினைத்த டிக்கன்ஸ், 'எமா சிஸிட்டுக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் கேட்டது புத்தகத்தின் விலையை: 'ஹவ் மச் இஸ் இட்?' ஆங்கில எழுத்தாளருக்கே இந்த நிலை என்றால், ஐஇஎல்டிஎஸ்-ல் நல்ல மதிப்பெண் வாங்கிய நமக்கு முதல் வாரம் திணறினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தத் திணறலையே நகைச்சுவையாக்கிப் பெரும் வெற்றி பெற்ற நாவல் 1957-ல் வந்த 'தேர் எ வியர்டு மாப்'. பாடப்புத்தக ஆங்கிலம் கற்றுச் சிட்னி வந்து இறங்கும் இத்தாலியர் ஒருவருக்கு ஒன்றுமே புரியாமல் போகிற கதை. நினோ குலோட்டா என்ற இத்தாலியப் பெயரில் வந்தது. உண்மையில் எழுதியவர் ஜான் ஓ'கிரேடி என்ற ஆஸ்திரேலியர்.

இன்றும் பயன்படும் சில வழக்குகள் இவை:

'பிரிங் எ பிளேட்.' விருந்துக்குக் கூப்பிடும்போது தட்டு கொண்டு வாங்க என்பார்கள். வீட்டில் தட்டுப் பற்றாக்குறை இல்லை. எல்லோரும் பகிர்ந்து சாப்பிட ஒரு உணவு வகை செய்து கொண்டு வர வேண்டும் என்று பொருள். காலித் தட்டோடு போய் நின்ற குடியேறிகளின் கதைகள் அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகின்றன. நீங்க எலுமிச்சை சாதத்தோடு போங்க.

'மை ஷவுட்.' இந்தச் சுற்றுக்குப் பணம் நான் கொடுக்கிறேன் என்று பொருள். 19-ம் நூற்றாண்டுத் தங்க வயல் மதுக்கடைகளின் வழக்கம். நம்ம ஊர் 'ட்ரீட்' மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. ட்ரீட்டில் ஒருவர் கொடுப்பார், மற்றவர்கள் சாப்பிடுவார்கள். ஷவுட்டில் முறை சுற்றி வரும். உங்க முறை வந்ததும் மொபைலைப் பார்த்துக்கொண்டு நின்றால், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மறக்க மாட்டார்கள். மது குடிக்காதவர் காபிக்கு ஷவுட் செய்யலாம். அதுவும் கணக்கில் சேரும்.

'நாட் பேட்.' உங்கள் பிராஜெக்டைப் பார்த்துவிட்டு மேனேஜர் 'சுமார்' என்கிறார் என்று வாடிவிடாதீர்கள். குரலைப் பொறுத்து அது 'ரொம்ப நல்லா இருக்கு' என்பதாகவும் இருக்கலாம். புகழ்ச்சியைக் குறைத்துச் சொல்வதே அவர்கள் மரியாதை. தன்னைத் தானே புகழ்பவரைத்தான் அவர்களுக்குப் பிடிக்காது.

'ஷீ'ல் பி ரைட்.' எல்லாம் சரியாகிவிடும் என்று பொருள். மனசுக்கு இதமான சொல். ஆனால் காண்ட்ராக்ட், சம்பளச் சீட்டு, பாதுகாப்பு உபகரணம் விஷயத்தில் யாராவது இதைச் சொன்னால் உஷாராகுங்கள். அங்கே எழுத்தில் கேட்பதே சரி.

பழைய உவமைகளை மட்டும் கேட்டு ரசிக்கலாம். தலைக்கு மேல் வேலையில் மும்முரமாக இருப்பவர், 'தண்ணி குடிக்கிற பல்லி மாதிரி' மும்முரமாம். தரையோடு தட்டையாகப் படுத்து நாக்கை வேகமாக நீட்டுமே, அந்தப் பல்லி. நம்ம ஊர் 'மரை கழண்ட கேஸ்' அங்கே 'மேல் மேய்ச்சல் நிலத்தில் கங்காரு அவிழ்ந்து திரிகிற' ஆசாமி. ஆடும் மாடும் வெயிலும் தனிமையுமாக வாழ்ந்தவர்கள் உருவாக்கிய நகைச்சுவை இது. அந்த வாழ்க்கை நகரத்தில் இல்லாததால்தான் இந்தப் பேச்சும் அங்கே குறைந்தது.

'ஃபேர் கோ'வுக்கு வெளியே நின்றவர்கள்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எல்லாச் சொற்களும் போய்விடவில்லை. 'மேட்', 'நோ வொரீஸ்', 'ஃபேர் கோ' ஆகிய மூன்றும் உயிரோடு இருக்கின்றன. இதில் 'ஃபேர் கோ' என்பது எல்லோருக்கும் நியாயமான வாய்ப்பு. ஆஸ்திரேலியர்கள் தங்களைப் பற்றி நம்ப விரும்பும் விஷயம் அது.

வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 1907-ல் நீதிபதி ஹிக்கின்ஸ், 'ஹார்வெஸ்டர்' வழக்கில், சாதாரணக் கூலியாளும் மனைவி, மூன்று குழந்தைகளோடு கௌரவமாக வாழும் அளவுக்குச் சம்பளம் இருக்க வேண்டும் என்றார். நாளொன்றுக்கு 7 ஷில்லிங் என்று நிர்ணயித்தார். சந்தை என்ன கொடுக்கும் என்று பார்க்காமல், மனிதருக்கு என்ன தேவை என்று பார்த்த தீர்ப்பு. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் அதே நாடு, அதற்கு ஆறே ஆண்டுகள் முன்பு, 1901-ல், குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டது. 'ஆசியர்கள் வரக் கூடாது' என்று அதில் நேரடியாக எழுதவில்லை. தந்திரமாக ஒரு மொழித் தேர்வு வைத்தார்கள். அதிகாரி வாசிக்கும் 50 சொல் கொண்ட ஒரு பகுதியை வந்தவர் பிழையின்றி எழுத வேண்டும். எந்த ஐரோப்பிய மொழியில் என்பதை அதிகாரி முடிவு செய்வார். ஆங்கிலம் தெரிந்தவருக்கு ஜெர்மன். ஜெர்மனும் தெரிந்தால் வேறொன்று. 1909-க்குப் பிறகு இந்தத் தேர்வில் ஒருவர்கூடத் தேறவில்லை.

1934-ல் பல மொழிகள் அறிந்த எழுத்தாளர் ஏகான் கிஷ் வந்தபோது, அவருடைய அரசியல் பிடிக்காத அரசு, அவருக்கு ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் தேர்வு வைத்தது. உயர் நீதிமன்றமே அதைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் அந்தத் தேர்வு 1958 வரை சட்டத்தில் இருந்தது.

'காபர்', 'பான்ஸர்', 'ஃபேர் டிங்கம்' எல்லாம் நாவில் துள்ளி விளையாடியது சரியாக இந்தக் காலத்தில்தான். அன்றைய 'மேட்' என்பவர் பெரும்பாலும் வெள்ளை ஆண். பெண்கள் 'ஷீலா'க்கள். சீனரும் இந்தியரும் வாசலுக்கு வெளியே. சொந்த மண்ணின் பூர்வகுடி மக்களையோ, 1967 வாக்கெடுப்பு வரை நாட்டின் மக்கள்தொகைக் கணக்கிலேயே சேர்க்க விடாமல் அரசமைப்புச் சட்டம் தடுத்திருந்தது.

பழைய பேச்சு மறைந்துவிட்டதே என்று வருந்தும் கட்டுரைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் இருப்பதில்லை. 'அந்தக் காலத்துல எல்லாரும் எல்லாரையும் மேட்னுதான் கூப்பிடுவாங்க' என்கிறார்கள். எல்லாரும் என்பதில் யார் யார் என்று கேட்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. அன்று வந்திருந்தால், வெளியே நிறுத்தப்பட்டிருப்பவர்கள் நாம்தான்.

சரி, நாம என்ன செய்யலாம்?

2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் 95,000-க்கும் அதிகமானோர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். இந்தியாவில் பிறந்தவர்கள் மட்டும் 6.7 லட்சத்துக்கு மேல். வெளிநாட்டில் பிறந்தோர் வரிசையில் இங்கிலாந்துக்கு அடுத்த இடம். வாசல் திறந்திருக்கிறது. அந்த வாசலில் ஒரு காகிதமும் இருக்கிறது. நிரந்தரக் குடியேற்றம் உள்ளிட்ட பல விசாக்களுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் 'ஆஸ்திரேலிய விழுமியங்கள்' என்ற அறிக்கையை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். அந்த அதிகாரபூர்வ ஆவணத்திலேயே 'ஃபேர் கோ' என்ற பேச்சுவழக்குச் சொல் இருக்கிறது. பரஸ்பர மரியாதை, சகிப்புத்தன்மை, தேவைப்படுவோர் மீது கருணை, சம வாய்ப்பு என்று அதற்கு விளக்கமும் இருக்கிறது.

கையெழுத்துப் போடும்போது அவசரமாக ஸ்க்ரோல் செய்து விடாதீர்கள். ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் கட்டுப்பட வேண்டும். புதிதாக வருகிறவர் மற்றவர்களுக்கு 'ஃபேர் கோ' கொடுக்க ஒப்புக்கொள்கிறார் என்றால், அவருக்கும் அது கிடைக்க வேண்டும். பேசியதைவிடக் குறைவான சம்பளம் கொடுக்கும் முதலாளியிடமும், பெயரைப் பார்த்தே வீடு வாடகைக்கு இல்லை என்பவரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. சம்பளப் புகாருக்கு 'ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன்' என்ற அரசு அமைப்பே இருக்கிறது. அதன் பெயரிலும் அதே 'ஃபேர்'தான்.

அதே நேர்மை நமக்குள்ளும் வேண்டும். சொந்தக்காரர், ஊர்க்காரர் என்ற நம்பிக்கையில் வந்த மாணவருக்குக் குறைந்த கூலி கொடுத்து வேலை வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்தில் 'ஃபேர் கோ' பற்றிப் பேச முடியாது. சாதியைக் கேட்டுவிட்டு வாடகை அறை பகிர்பவர்களுக்கும் இதே பதில்தான்.

2005 ஆகஸ்டில் கான்பெராவில் ஒரு வேடிக்கை நடந்தது. நாடாளுமன்றக் கட்டடத்தின் பாதுகாவலர்கள், வருகிறவர்களை 'மேட்' என்று கூப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நாடே கொந்தளித்தது. ஒரே நாளில் உத்தரவு வாபஸ். காவலாளியும் அமைச்சரும் ஒருவரையொருவர் 'மேட்' என்று கூப்பிடலாம் என்பதை ஆஸ்திரேலியர்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

'மேட்' என்ற சொல்லின் வேரில் இருப்பது ஒரே உணவைப் பகிர்ந்து சாப்பிடுகிறவர் என்ற பொருள். நம்ம 'பங்காளி'யும் பங்கிட்டுக்கொள்கிறவர்தானே? பட்டியலில் உள்ள 50 சொற்களையும் மறந்துவிடலாம். இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது உங்களை 'மேட்' என்று கூப்பிட்டால், தயங்காமல் திருப்பிக் கூப்பிடுங்கள். உங்களுக்குப் பிறகு வந்து இறங்குகிற அடுத்தவரையும் அப்படியே கூப்பிடுங்கள்.